பிரிந்தோரும் இருந்தோரும்

கல்கத்தா மாநகரின் தென்மேற்கே, ஹூக்ளி நதி வளைந்து செல்லும் கரையில் கார்டன் ரீச் என்னும் பகுதி உளது. கப்பல் துறைகளும் பண்டசாலைகளும் நெருங்கிய அவ்விடத்தில் ஒரு படித்துறைக்கு 'சுரினாம் காட்' என்று பெயர் வழங்குகின்றது. சுரினாம் என்பது தென்னமெரிக்காவின் வடகரையில் உள்ள ஒரு சிறு நாடு. அதன் பெயர் ஹூக்ளிக் கரைக்கு வந்த வரலாறு இதுவே: 1873ஆம் ஆண்டில் 'லல்லா ரூக்' என்னும் பாய்க்கப்பல் கல்கத்தாவிலிருந்து கூலியாட்களை ஏற்றிச் சென்று, அவ்வாண்டு ஜூன் 5ஆம் நாள் சுரினாமை அடைந்தது. அது முதல் 1916ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 34,000 பேர் அந்நாட்டின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். அவர்தம் நினைவாக 2015ஆம் ஆண்டில் அத்துறையில் ஒரு சின்னம் நிறுவப்பெற்றது. மூட்டையும் முடிச்சுமாய் நிற்கும் ஓர் ஆடவனும் ஒரு பெண்ணுமே அச்சிலை.

சென்ற இருவர்க்கும் சிலை உண்டு. செல்லாமல் ஊரிலேயே இருந்துவிட்ட மற்றொருத்தி, வாயிற்படியில் அமர்ந்து கீழ்த்திசை நோக்கிக் காத்திருந்தவள், அவளுக்கு வரலாற்றில் இடம் யாது? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால் ஆவணக் காப்பகத்தைவிட்டு இலக்கியத்தின்பால் வருதல் வேண்டும். அவ்விலக்கியம் போஜ்புரி மொழியில் உளது. 'பிதேசியா' என்பது அதன் பெயர்.

'பிதேசியா' என்றால் வேற்றூர் சென்றவன் என்று பொருள். வீட்டிலிருப்பவள் அவனை விளித்துக் கூறும் சொல் அது. இங்ஙனம் ஒரு நாட்டு மக்கள் தம் இலக்கிய வகைக்கே பிரிந்து சென்றவன் பெயரை இட்டு வழங்குதல் வேறெங்கும் நாம் கண்டதில்லை. அந்நாட்டின் நிலையை ஒருவாறு அறிந்தாலன்றி இதன் காரணம் விளங்காது.

பீகாரின் மேற்குப் பகுதியும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியும் சேர்ந்ததே போஜ்புரி நாடு. சாரண், ஷாஹாபாத், பல்லியா, காஜிப்பூர் என்பன அதன் பழைய மாவட்டங்கள். கங்கையும் காக்ராவும் கண்டகியும் பாயும் வளமான பூமிதான். ஆயினும் மக்கள் நெருக்கம் மிகுதி. நிலமோ பாகம் பாகமாகப் பிரிந்து கைக்குட்டை அளவினதாய்ச் சுருங்கியது. வெள்ளம் ஓராண்டு, வறட்சி ஓராண்டு, ஜமீன் குத்தகையும் வட்டிக்கடனும் எல்லா ஆண்டும். எனவே குடும்பத்துக்கு ஒருவராவது வெளியே சென்று பொருள் ஈட்டினாலன்றி அடுப்பு எரியாது என்னும் நிலை ஏற்பட்டது.

வெளியே செல்லும் வழிகள் இரண்டு. முதலாவது கடல்வழி. 1834ஆம் ஆண்டில் 'அட்லஸ்' என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 தொழிலாளரை மோரீஷஸ் தீவில் இறக்கியது. அதன்பின் பிரிட்டிஷ் கயானா, டிரினிடாட், சுரினாம், ஃபிஜி எனத் தீவும் நாடும் பெருகின. மோரீஷஸுக்கு மாத்திரம் ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர் சென்றனர். இவர்களை ஊரூராகத் தேடிப் பிடித்தவன் 'அர்காட்டி' எனப்பட்ட ஆள்சேர்ப்போன். ஐந்தாண்டு ஒப்பந்தம், அதாவது 'அக்ரிமெண்ட்'. அச்சொல் மக்கள் நாவில் 'கிர்மிட்' ஆயிற்று. சென்றவர் 'கிர்மிட்டியர்' ஆயினர். டெமராரா 'தம்ரா' ஆயிற்று. சுரினாமோ 'ஸ்ரீராம் தேசம்' ஆயிற்று! இராமபிரான் நாட்டுக்கு என்று நம்பிக் கப்பலேறியவனை எண்ணி நகைப்பதா, நெஞ்சம் நைவதா? ஊரில் இருந்தவர்க்கோ இவையனைத்தும் ஒரே பெயரால் 'டாபு', அதாவது தீவு; சென்றவர் மீளா இடம்.

இரண்டாவது வழி ரெயில்வழி. ஹௌராவிலிருந்து 1854ஆம் ஆண்டில் புறப்பட்ட இருப்புப்பாதை 1862 அளவில் காசிக்கு எதிர்க்கரை வரை சென்றடைந்தது. கங்கையைப் படகில் கடந்து தென்கரையில் ரெயிலேறினால் கல்கத்தா. 1855ஆம் ஆண்டில் ரிஷ்ராவில் முதற் சணல் ஆலை தோன்றியது. பின்னர் ஹூக்ளியின் இருகரையிலும் புகைப்போக்கிகள் நிரை நிரையாக எழுந்தன. ஆலைக்கூலி, மூட்டை தூக்குவோர், வாயிற்காப்போர், வண்டி இழுப்போர் என இந்நகரின் உடலுழைப்பில் பெரும்பங்கு அந்நாட்டவருடையது. இவர்க்கு ஒப்பந்தம் இல்லை. விரும்பினால் விடுமுறையில் ஊர் திரும்பலாம். 1880ஆம் ஆண்டில் அஞ்சலகங்கள் மணியார்டர் முறையைத் தொடங்கிய பின், ஆள் வாராவிடினும் பணம் வந்தது. பணம் வருகின்ற காரணத்தாலேயே ஆள் வாராமலும் இருந்தான்.

கடல்வழிச் சென்றவர் ஒவ்வொருவர்க்கும் அரசாங்கம் ஒரு சீட்டு எழுதியது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாணா, கிராமம், உயரம், உடலில் உள்ள தழும்பு ஈறாக அதில் இடம்பெற்றன. நெருங்கிய உறவினர் யார் என்பதற்கு ஒரு வரி. மணமானவராயின் யாரை மணந்தவர் என்பதற்கு ஒரு வரி. அவ்வளவே. இன்று மோரீஷஸிலும் ஃபிஜியிலும் இருந்து தம் முன்னோர் ஊரைத் தேடி வருவோர்க்கு இச்சீட்டே துணை. ஆயின் அந்த ஒற்றை வரியில் பெயர் எழுதப்பட்டவள் பின்னர் என்ன ஆனாள் என்பதைச் சீட்டு சொல்லாது.

இவ்விடத்தில் ஓர் ஆங்கில அதிகாரியை நினைத்தல் கடனாகும். அயர்லாந்தில் பிறந்து பீகாரில் ஊழியம் செய்த ஜார்ஜ் கிரியர்சன், பின்னாளில் இந்திய மொழிகளின் பேராய்வை நடத்திப் புகழ்பெற்றவர். 1883ஆம் ஆண்டில் வங்க மாகாணத்தினின்று கடல் கடந்து செல்லும் கூலிகளைப் பற்றி அரசாங்கத்துக்கு அவர் ஓர் அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டில் பீகாரி நாட்டுப் பாடல்களையும், 1886ஆம் ஆண்டில் போஜ்புரிப் பாடல்களையும் தொகுத்து இலண்டன் ஆசியக் கழக இதழில் வெளியிட்டார். அறிக்கையில் சென்றவர் கணக்கு உள்ளது. பாடற்றொகுதியில் இருந்தவர் குரல் உள்ளது. ஒரே மனிதர், ஏறத்தாழ ஒரே காலம். இரண்டையும் ஒருங்கே வைத்துப் படிப்பார் அரியர் என்பது நம் ஆராய்ச்சி உலகின் குறை.

அப்பாடல்களின் இயல்பைச் சிறிது காண்போம். விடியற்காலையில் இரு பெண்டிர் எதிரெதிர் அமர்ந்து திரிகை சுற்றும்போது பாடுவது 'ஜாந்த்சார்'. பன்னிரு திங்களையும் வரிசையாகக் கூறித் திங்கள்தோறும் தலைவியின் ஏக்கத்தைச் சொல்வது 'பாரஹ்மாசா'. 'பூர்பி' என்பது கிழக்குத்திசைப் பாட்டு. கணவன் சென்ற திசை கிழக்காதலின் இப்பெயர் பெற்றது. பூர்பி பாடுவதில் பெயர்பெற்ற மகேந்தர் மிசிர் சாரண் மாவட்டத்தார். 1946ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் கள்ளநோட்டு அச்சிட்ட குற்றத்துக்காகச் சிறை சென்றவர் என்பதும், நாட்டு விடுதலைக்காகவே அது செய்தார் என்று ஊரார் இன்றும் வாதிடுவர் என்பதும் சுவையான செய்திகள்; அவை நிற்க.

இப்பாடல்களில் தலைவி யாரைக் குற்றம் சாட்டுகின்றாள் என்பதை உற்று நோக்கினால் ஒரு வளர்ச்சி புலனாகும். முதலில் ரெயில்வண்டி அவளுக்குச் சக்களத்தி. கணவனைக் கவர்ந்து சென்றது அதுவே. பின்னர்க் கப்பலே பகை என்கிறாள். மிகப் பரவலாகப் பாடப்படும் ஒரு பாட்டில், ரெயிலும் அன்று, கப்பலும் அன்று, பணமே உண்மைப் பகைவன் என்று தெளிகின்றாள். எழுத்தறியாத பெண்கள் திரிகையடியில் கண்ட பொருளாதாரம் இது. வங்கநாட்டுப் பெண்கள் மாயம் வல்லவர், வந்த ஆடவரை ஆடாகவும் கிளியாகவும் மாற்றிக் கட்டிவைத்துக்கொள்வர் என்று அஞ்சும் பாட்டுகளும் உண்டு. நம் அண்டை வீட்டு வங்கத் தோழியர் கேட்டால் நகைப்பர். ஆயினும் கணவன் மறந்தான் என்று சொல்ல மனம் வாராத ஒருத்திக்கு, மயக்கப்பட்டான் என்று சொல்லிக்கொள்ளுதல் எத்துணை ஆறுதல்!

தமிழராகிய நமக்கு இது புதிதன்று. பொருள்வயிற் பிரிவு என்று துறை வகுத்து, பாலை என்று திணை வகுத்த மரபு நம்முடையது. ஆயினும் ஒரு வேற்றுமை கருதத்தக்கது. கடற்பயணத்தில் மகளிரை உடன் கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்பது, உரையாசிரியர் ஒரு சாரார் கருத்துப்படி, தொல்காப்பியம் கூறும் விதி. கூலிக் கப்பலின் விதியோ நேர்மாறு. ஆடவர் நூற்றுவர்க்கு மகளிர் நாற்பதின்மர் ஏற்றப்படுதல் வேண்டும் என்று சட்டமே இருந்தது. அத்தொகையை நிரப்ப அர்காட்டிகள் யாத்திரைத் தலங்களிலும் சந்தைகளிலும் அலைந்து, கைம்பெண்களையும் கைவிடப்பட்டோரையும் தேடினர். ஆகவே ஊரில் தனித்திருந்தவளே ஒருநாள் கப்பலில் ஏறியதும் உண்டு. கப்பலில் உடன் வந்தோர் 'ஜஹாஜி பாயி', கப்பற் சகோதரர், ஆயினர். சாதியும் ஊரும் கரைந்த பின்னர் அவ்வுறவே உறவாயிற்று.

கடல் கடந்தவரும் வாளா இருந்தாரல்லர். சாரண் மாவட்டத் தலைநகராகிய சாப்ராவினின்று டெமராராவுக்குச் சென்ற லால்பிகாரி சர்மா என்பவர், 'கோல்டன் ஃப்ளீஸ்' என்னும் தோட்டத்தில் கிர்மிட்டியராக உழைத்தார்; 'தம்ரா பாக் பஹார்' என்று ஹோலிப் பாடல் நூல் ஒன்று இயற்றினார். அது 1916ஆம் ஆண்டில் அச்சேறியது. வசந்த விழாவின் மகிழ்ச்சிப் பாட்டு வடிவத்துக்குள் தோட்டத் துயரையும் பிரிவாற்றாமையையும் வைத்துப் பாடிய அந்நூல் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்து, 2019ஆம் ஆண்டில்தான் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஃபிஜியில் இருபத்தோராண்டு வாழ்ந்து திரும்பிய தோதாராம் சனாட்யர் தம் வரலாற்றை 1914ஆம் ஆண்டில் இந்தியில் வெளியிட்டார். பனாரசிதாஸ் சதுர்வேதி அதனை எழுத்தாக்கினார். 1913ஆம் ஆண்டில் மேலாளின் தீய எண்ணத்துக்குத் தப்பி ஆற்றில் குதித்த குந்தி என்னும் தொழிலாளிப் பெண்ணின் செய்தி அந்நூலால் நாடெங்கும் பரவியது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் தமிழரும் தெலுங்கரும் ஃபிஜிக்கு அனுப்பப்பட்டமையால், அத்துயர் நம்முடையதும் ஆயிற்று. கரும்புத் தோட்டத்து மகளிரைக் குறித்துப் பாரதியார் கண்ணீர் மல்கப் பாடியதை நாம் அனைவரும் அறிவோம். மக்கள் கொதிப்பின் பயனாக 1917ஆம் ஆண்டில் ஆள் அனுப்புதல் நின்றது; 1920ஆம் ஆண்டின் முதல் நாளில் ஃபிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன.

கடல்வழி அடைபட்டது, ரெயில்வழி திறந்தே இருந்தது. பிதேசியா இலக்கியத்துக்கு நிலைத்த வடிவம் தந்தவர் இவ்வழியே சென்று மீண்ட ஒருவர்.

பிக்காரி டாக்கூர் 1887ஆம் ஆண்டில் சாரண் மாவட்டத்துக் குதுப்பூரில், கங்கையாற்றின் இடையே உள்ள மணல்திட்டு ஊரில், நாவிதர் குடியில் பிறந்தார். பிக்காரி என்றால் இரவலன் என்று பொருள். டாக்கூர் என்பது அந்நாட்டில் நாவிதர்க்கும் வழங்கும் பட்டம். கவி தாகூருடன் மயங்க வேண்டா. பள்ளிப்படிப்பு அவர்க்கு மிகச் சிறிதே. பிழைப்புத் தேடிக் கட்கப்பூர் சென்று சவரத் தொழிலால் பொருளீட்டினார். அங்கிருந்த காலத்தில் மேதினிப்பூரில் இராமலீலை கண்டார். ஊர் திரும்பியதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நாடகக் குழு ஒன்றை அமைத்தார். ஆடவரே பெண்வேடம் பூணும் 'நாச்' என்னும் கூத்தே அவர் கைக்கொண்ட வடிவம். மேன்மக்கள் எனப்பட்டோர் அதனை இழிவாகக் கருதினர். பந்தலின்றி, திரையின்றி, ஊர்வெளியில் இரவு முழுதும் நடைபெறும் அக்கூத்தைக் காண மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். கல்கத்தாவுக்கும் அசாமுக்கும் அவர் குழு சென்று ஆடியது. அங்கே கண்டவர் அனைவரும் தாமே பிதேசியாக்கள். தம் கதையைத் தாமே கண்டு அழுதனர்.

அவரது 'பிதேசியா' நாடகத்தின் கதை எளியது. புதிதாக மணந்த பியாரி சுந்தரியை விட்டு, அவள் தடுத்தும் கேளாமல், பிதேசி கல்கத்தா செல்கின்றான். அங்கே வேறொருத்தியுடன் குடும்பம் அமைக்கின்றான். ஊரில் பியாரி, கிழக்கு நோக்கிச் செல்லும் ஒரு வழிப்போக்கனிடம் தன் துயரைச் சொல்லியனுப்புகின்றாள். 'படோஹி' எனப்படும் அவ்வழிப்போக்கன் கல்கத்தாவில் பிதேசியைக் கண்டு இடித்துரைக்கின்றான். பிதேசி மனம் திருந்தி ஊர் மீள்கின்றான்.

இத்தூதன் பாத்திரத்தில் ஒரு நுட்பம் உண்டென்பது நம் கருத்து. அந்நாட்டில் திருமண ஓலையும் நன்மை தீமைச் செய்தியும் ஊருக்கு ஊர் கொண்டு செல்வது நாவிதர் கடமை. சாதியால் தூதராகிய ஒருவர் எழுதிய நாடகத்தில் தூதனே கதையைத் திருப்புகின்றான். அரசனும் இல்லை, தெய்வமும் தோன்றவில்லை. செய்தியைச் செவ்வையாகச் சேர்ப்பித்த ஒருவனால் ஒரு குடும்பம் மீள்கின்றது.

இனி, இந்நாடகத்துக்கு ஆசிரியரே ஒரு தத்துவ உரை சொல்லியிருக்கின்றார். பிதேசி பிரமம், பியாரி சீவன், படோஹி தருமம், கல்கத்தாவில் வாழ்ந்தவள் மாயை. கேட்பதற்குச் செம்மையாகவே உள்ளது. கூத்தைப் பழித்தோர் வாயை அடக்க அவ்வுரை பயன்பட்டிருக்கவும் கூடும். ஆயின் நாடகத்தின் முடிவு அவ்வுரைக்குள் அடங்கவில்லை. மாயை என்றால் விடுபட்டு ஒழிதல் வேண்டுமன்றோ? இங்கோ பிதேசி ஊர் சேர்ந்த பின்னர், கல்கத்தாக்காரியும் தன் பிள்ளைகளுடன் அவனைத் தேடி வந்து வாயிலில் நிற்கின்றாள். பியாரி அவளைத் துரத்தவில்லை, உள்ளே அழைத்துக்கொள்கின்றாள். திரிகைப் பாட்டுகளில் மாயக்காரியாக நின்றவள் இங்கே பசித்த பிள்ளைகளின் தாயாக நிற்கின்றாள். தத்துவத்தை மீறி ஆசிரியர் கண்ட உண்மை இது. பியாரி இதற்கு இணங்கியது நியாயமா, அன்றி வேறு வழியில்லாமையா என்று இன்றைய மகளிர் கேட்பர். கேட்கத்தக்க வினாவே. ஆசிரியர் அதற்கு மற்றொரு நாடகத்தில் மேலும் ஒரு படி சென்று விடை தேடினார்.

அது 'கபர்கிசோர்'. மணந்த சில நாளில் மனைவியை விட்டுச் சென்ற ஒருவன் பல்லாண்டு கழித்து ஊர் வருகின்றான். அவன் இல்லாத காலத்தில் அவளுக்கு வேறொருவன் வழியே ஒரு மகன் பிறந்து வளர்ந்திருக்கின்றான். தாலி கட்டிய உரிமையால் மகன் எனக்கே என்கிறான் கணவன். பெற்ற தந்தை நானே என்கிறான் மற்றவன். ஊர்ப் பஞ்சாயத்து கூடுகின்றது. தாய் தன் வழக்கைச் சமையற்கட்டிலிருந்து எடுத்துச் சொல்கின்றாள்: வீட்டில் இருந்தது என் பால், எவரோ ஒரு துளி உறைமோர் ஊற்றினார், கடைந்தெடுத்த நெய் யாருடையது என்பது அவள் வாதத்தின் சாரம். வழக்கு முற்றி, பையனை மூன்று கூறாக வெட்டிப் பகிர்ந்து கொள்ளுங்கள் என்று பஞ்சாயத்தார் கூற, ஆடவர் இருவரும் தம் பங்கில் குறியாய் நிற்கின்றனர். தாயோ, வெட்டாதீர், முழுமையாய் அவர்களுள் ஒருவர்க்கே கொடுத்துவிடுங்கள் என்று கதறுகின்றாள். தீர்ப்பு அவள் பக்கம் ஆகின்றது.

ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட் எழுதிய சுண்ணக்கோட்டு வட்டக் கதையோடு இதனை ஒப்பிடுவர். விவிலியத்துச் சாலமோன் மன்னன் தீர்ப்பும் நினைவுக்கு வரும். ஆயின் அவற்றில் ஒரு குழந்தைக்குப் பெண்கள் இருவர் வழக்காடுகின்றனர். இங்கு வழக்காடுவோர் மூவர். அவருள் ஒருத்தி, கணவன் பிரிந்திருந்த காலத்தில் தான் வாழ்ந்த வாழ்வை ஊர்நடுவே ஒளியாது ஒப்புகின்றாள். காத்திருந்தவள் கற்சிலையாய்க் காத்திருக்கவில்லை என்று ஊரார்முன் சொல்லத் துணிந்த நாடகம் அது. குற்றம் அவளுடையதா, அவளை விட்டுச் சென்றவனுடையதா, இருவரையும் பிரித்த வறுமையுடையதா என்று பஞ்சாயத்து தீர்ப்புக் கூறவில்லை. பிள்ளை யாரிடம் வளர்வது என்பதை மாத்திரம் தீர்த்தது. அது போதுமென்று ஆசிரியர் கருதினார் போலும்.

ராகுல் சாங்கிருத்யாயனர் பிக்காரி டாக்கூரைப் போஜ்புரியின் ஷேக்ஸ்பியர் என்று போற்றினார். 1963ஆம் ஆண்டில் 'பிதேசியா' என்னும் பெயரில் திரைப்படம் வந்தது. அதில் முதியவராகிய அவரே ஒரு காட்சியில் தோன்றினார். 1971ஆம் ஆண்டு ஜூலையில் மறைந்தார். இந்தி எழுத்தாளர் சஞ்சீவ் அவர் வாழ்வை 'சூத்ரதார்' என்னும் நாவலாக்கினார். அவர் குழுவில் இளமையிலேயே சேர்ந்து பெண்வேடம் பூண்டு ஆடிய ராம்சந்திர மாஞ்சி என்பார் முதுமையிலும் ஆடுவதை நிறுத்தவில்லை. 2021ஆம் ஆண்டில் அரசாங்கம் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 2022ஆம் ஆண்டில் அவர் காலமானார். சாரண் மாவட்டத்து இளைஞர் இன்று ரெயிலேறிச் செல்வது கல்கத்தாவுக்கு மாத்திரம் அன்று. சூரத்துக்கும் பஞ்சாபுக்கும், நம் சென்னைக்கும் திருப்பூருக்கும் செல்கின்றனர்.